ஒரு சிரட்டைத் தவிடு

மாமாங்கேஸ்வரர் துணை

திராய்மடு,
09.08.2008

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நானும் இவரும் கஜானியும் சுகம். குவைத்தில் வெயில் நெருப்பாக எரிக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். உங்கள் கால் வீக்கம் எப்படி? உங்கள் ஆனி மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனதற்கு அந்த நாளில் நீங்கள் அடித்த அடி ஒன்றும் வேலை செய்யவில்லை.

சொல்ல வேண்டியதை வெள்ளிக்கிழமை ஃபோனில் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். உங்கள் கார்ட்டில் உள்ள பத்து நிமிடமும் கஜானிக்கே போய்விடுகிறது. போன கிழமையும் "அம்மா, வெச்சிராதீங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்ட் முடிந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "சின்னம்மா, அம்மாவோட நீங்களும் கதைக்கலாம்தானே" என்று ஏசினாள்.

விசயம் இதுதான். பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. சிறுவர் கற்கைகள் என்று சொன்னால் பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை மாமி, "புள்ள வளர்க்கிறதுக்கும் கெம்பஸாகா?" என்று கேட்கிறா. இந்த வருடம் ஒரு பெரிய ஒப்படை. ஒரு பிள்ளையை எட்டு மாதம் அவதானித்து எழுத வேண்டும். கண் கண்டதையும் காது கேட்டதையும் மட்டும் எழுதலாம். 'பயந்தாள்' என்று எழுதக்கூடாது, 'கதவுக்குப் பின்னால் போனாள்' என்று எழுத வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் இருபது நிமிடமும் பிள்ளை என்ன செய்தாலும் தலையிடக்கூடாது. சொந்தப் பிள்ளையை எடுக்கக்கூடாது. தாயிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

மூன்று வீடு ஏறினேன் அக்கா. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற இந்தக் காலத்தில் கொப்பியோடு வந்து பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவளை யார் உள்ளே விடுவார்கள்? முதல் வீட்டில் "பேர் பதியவா வந்தீங்க?" என்று கேட்டுப் பிள்ளையை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மற்ற இரண்டிலும் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்கள்.

அதனால் கஜானியின் பெயரை எழுதிவிட்டேன். 'அவதானிப்பவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் சின்னம்மா என்று போட்டேன். நான் பெற்ற பிள்ளைதான். ஆனால் அது முழுப் பொய்யுமில்லை. மூத்தவளைக் கடல் கொண்டுபோய்ப் பதினோராம் மாதம் இவள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் நீங்கள் ஒரு சிரட்டைத் தவிட்டை என் மடியில் கொட்டி இவளை வாங்கிக்கொண்டு, பின்வாசலால் போய் முன்வாசலால் வந்து, "இது என்ட புள்ள, வளர்க்க உன்னட்டத் தாறன்" என்று சொன்னீர்கள். இவள் எனக்குப் பிறந்தவள் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்றுதானே அவ்வளவும் செய்தோம். அவளும் என்னைச் சின்னம்மா, உங்களை அம்மா என்றே பழகிவிட்டாள். தாயின் சம்மதம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. கையொப்பம் வைத்து அனுப்புங்கள்.

காலைத் தொங்கப்போட்டபடி நிற்காதீர்கள்.

உங்கள் தங்கை,
தனுஷா


குவைத்,
22.08.2008, வெள்ளி

அன்புள்ள தங்கச்சி தனுஷாவுக்கும் தம்பி மூர்த்திக்கும், என்ட மகள் கஜானிக்கும்,

நான் சுகமா இருக்கன். கால் வீக்கம் அப்பிடியேதான், அதுக்கென்ன, கால் என்னோடதானே இருக்கு.

உன்ட கடிதம் புதன்கிழமை வந்தது. அண்டைக்கே கையொப்பம் வெச்சிட்டன். ஒரு இடத்துலதான் கேட்டிருந்தாங்க, நான் மூண்டு இடத்துல வெச்சிருக்கன். ஒண்டு பிழைச்சா மத்தது இருக்கட்டும். 'தாயின் பெயர்' எண்ட இடத்துல இரத்தினம்மா நல்லரத்தினம் எண்டு எழுதியிருக்கன். முதல் சாமான் சுத்தி வந்த கடதாசியில பத்துத்தரம் எழுதிப் பார்த்திட்டுத்தான் படிவத்துல எழுதினன். எட்டாம் வகுப்போட விட்ட கை. வடிவா வந்திருக்கா?

நீ அவளப் பார்த்து எழுதுறதையெல்லாம் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஃபோன்ல குரல்தான் வருது, ஆள் வாறதில்ல. இஞ்ச மேடத்திட புள்ள நூறா நடக்கத் தொடங்கிட்டாள். என்னை 'மாமா' எண்டு கூப்பிடுறாள். அவங்கட பாசையில அப்பிடியெண்டா அம்மாவாம். மேடத்துக்கு முன்னால கூப்பிட்டா நான் காது கேட்காத மாதிரி உடுப்பு மடிப்பன்.

கஜானிக்கு ஒரு சட்டை அனுப்புறன். ஏறாவூர் நஸீறாதான் தெரிஞ்சு தந்தவள். அடுத்த வீட்ட வேலை செய்யிறவள் எண்டு சொன்னனே, அவள்தான். வெள்ளிக்கிழமை ஃபோன் கடைக்கு ரெண்டுபேரும் ஒண்டாத்தான் போறம்.

மகளுக்கு என்ட முத்தம்.

அக்கா
இரத்தினம்


திராய்மடு,
05.10.2008

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மழை இன்னும் இல்லை, ஆனால் வாவிக்கரையில் தும்பி பறக்கிறது. சட்டை அளவாக இருந்தது. கழற்ற மாட்டேன் என்று இரண்டு நாள் அதோடேயே படுத்தாள்.

கையொப்பம் வடிவாகத்தான் வந்திருக்கிறது. படிவத்தை ஒப்படைத்துவிட்டேன். நீங்கள் கேட்ட பிரதியில் ஒரு பக்கம் இது:

'காலை 9.10. பிள்ளை மூன்று சிரட்டைகளைக் கழுவினாள். 9.14. அவற்றில் மண் நிரப்பி, கதிரையில் ஏறி, யன்னல் கட்டின் மேல் வைத்தாள். பாவையையும் அங்கே வைத்தாள். "மேல இருங்க, தண்ணி வரும்" என்றாள். 9.20. சவர்க்காரப் பெட்டியைக் காதில் வைத்தாள். "ஓம். ஓம். சாப்பிட்டன். நீங்க? கால் நோகுதா?" என்றாள். 9.27. பெட்டியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.'

வாங்கியிருந்தால் தலையிட்டதாகிவிடும். நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெட்டியைப் பாவையின் காதில் வைத்தாள்.

விரிவுரையாளர் மிஸ் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்வி எழுதியிருந்தா: 'தண்ணி வரும் என்பதைப் பிள்ளை யாரிடம் கற்றாள்?' கடல் வந்தபோது இவள் பிறக்கவேயில்லை. கதவுக்குப் பின்னால் நான் ஒரு பையில் உடுப்பும் பிஸ்கட்டும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். செருப்புகளை வெளிப்பக்கம் பார்த்து வைக்காமல் நான் படுக்கமாட்டேன். அவளும் இப்போது பாவையின் செருப்பை அப்படி வைக்கிறாள். 'சின்னம்மாவிடம்' என்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

வருகிற மாதம் இரண்டாம் திகதி அவளுக்கு மூன்று வயது முடிகிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உங்கள்
தனுஷா


குவைத்,
21.11.2008

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகமா? அங்க மழை கூடவாம், சித்தாண்டிப் பக்கம் ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடுதாம் எண்டு நஸீறா சொன்னாள். தம்பி மில்லுக்குப் போறது எப்பிடி?

நீ அனுப்பின பக்கத்தக் குசினியில மா டின்னுக்கு அடியில வெச்சிருக்கன். வாசிச்சு வாசிச்சு மடிப்புல கிழிஞ்சு போச்சு. கால் நோகுதா எண்டு கேட்டாளா? நான் ஒருக்காத்தானே அவளுக்குச் சொன்னன்.

புறந்தநாளுக்கு ஃபோன் எடுத்தன்தானே. கேக் வெட்டினதச் சொன்னாள். வேற என்ன.

தை மாசம் முன்பள்ளியில சேர்க்கிறாயாம். அந்தப் படிவத்துல போட்ட மாதிரியே தாயின் பேர் எண்ட இடத்துல என்ட பேரப் போடு. ரெண்டு இடத்துல ரெண்டு பேர் இருந்தா மறுகா கரைச்சல்.

மகளுக்கு முத்தம்.

அக்கா


திராய்மடு,
30.01.2009

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நாளில் எழுதத் தொடங்கிய கடிதம். இன்றுதான் முடிக்கிறேன். கஜானிக்குத் தடிமன் வந்து போனது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மாமாங்கத்தில் அர்ச்சனை செய்தோம். இரண்டு சனிக்கிழமை வகுப்பில்லை, ஒரு முறை சுற்றிவளைப்பு, ஒரு முறை பஸ் இல்லை. வன்னியில் நடப்பதை வானொலியில் கேட்டால் சோறு இறங்குவதில்லை.

முன்பள்ளியில் சேர்த்துவிட்டோம். முதல் நாள் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அழ, இவள் அவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒப்படையின் முதல் பாகம் திருத்தி வந்தது. நல்ல புள்ளிதான். கீழே மிஸ் எழுதியிருந்தா: 'தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளை என்கிறீர். ஆனால் தாயைப் பிரிந்த பிள்ளையின் அறிகுறி ஒன்றும் உமது குறிப்பில் இல்லை. இன்னும் கூர்ந்து அவதானிக்கவும்.' இவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேறு ஒன்று. தவிடு இருக்கும் பால்மா டின்னை நேற்று இறக்கிப் பார்த்தேன். வண்டு பிடித்திருக்கிறது. சுளகில் புடைத்து, காயவைத்து, திரும்ப அதற்குள்ளேயே போட்டேன். மூன்று வயது முடிந்தால் வாங்கியவளிடம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை எடுப்பது என்றுதானே பேசியது. அளவு குறைந்துவிட்டதோ என்று பார்த்தேன், அவ்வளவுதான். உங்கள் ஒப்பந்தம் மாசியில் முடிகிறது. எத்தனையாம் திகதி வருவீர்கள்?

உங்கள்
தனுஷா


குவைத்,
13.03.2009

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். உங்கட சுகத்தத்தான் நாளும் நேந்துகொண்டிருக்கன்.

ஒப்பந்தத்த இன்னும் ஒரு வருசத்துக்கு எழுதிட்டன். நூறா என்னை விட்டா ஆரிட்டயும் சாப்பிடுறாள் இல்ல எண்டு மேடம் கேட்டா. நானும் ஓம் எண்டு சொல்லிட்டன்.

தவிட்டுக்கு வண்டு பிடிச்சா வேப்பிலை போட்டு மூடு. கனக்க வெயில்ல வெக்காத, மணம் போயிரும்.

முன்பள்ளியில எந்தப் பேர் போட்டனீ எண்டு நீ எழுதல்லயே.

அக்கா


திராய்மடு,
31.05.2009

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். இந்த மாதத்தில் இந்தச் சொல்லை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்று பத்தொன்பதாம் திகதி சொன்னார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் வெளியே வரவில்லை. சீதேவிப்பிள்ளை மாமி தன் தம்பியின் படத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தா.

வேப்பிலை போட்டுவிட்டேன்.

வவுனியா முகாம்களில் தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு உதவ எங்கள் வகுப்பில் நாலு பேர் போகிறார்கள். பிள்ளைகளைப் பதியும் தாள் ஒன்றை மிஸ் எங்களுக்கும் காட்டினா. முதல் கேள்வி, உன் பெயர் என்ன. இரண்டாவது, உன் அம்மாவின் பெயர் என்ன. அந்த இரண்டும் தெரிந்த பிள்ளை வீடு சேரும் என்று சொன்னா. நான் வீட்டுக்கு வந்து கஜானியிடம் கேட்டேன். "இரத்தினம்மா" என்று முழுசாகச் சொன்னாள். எவ்வளவு வடிவாகச் சொல்கிறாள் என்று இவர் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

ஒப்படையின் கடைசிக் குறிப்பில் ஒன்றை நான் எழுதவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் விளையாடியவள் வழுக்கி விழுந்தாள். முழங்கால் உரஞ்சி இரத்தம். எழும்பி நேரே என்னிடம்தான் வந்தாள். கொப்பியை எறிந்துவிட்டு ஓடினேன், தலையிடாமல் என்ன செய்ய. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே அழுதழுது, "சின்னம்மா, அம்மாக்கு ஃபோன் எடுங்க" என்றாள்.

இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தனுஷா


திராய்மடு,
29.07.2009

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஃபோனில் அவளோடு கதைத்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் இதை எழுதி முடித்த கையோடு தபாலில் போடுகிறேன். யோசித்தால் போடமாட்டேன்.

மாமாங்கத் தீர்த்தத்துக்கு இந்த முறை அமிர்தகழி கொள்ளாத சனம். இனிச் சண்டை இல்லை என்று எல்லா ஊரும் வந்திறங்கிவிட்டது. கச்சான் கடையடியில் காசு கொடுப்பதற்கு அவளின் கையை ஒரு கணம் விட்டேன். ஒரு கணம்தான். திரும்பினால் இல்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. குளத்துப் பக்கம் ஓடினேன் என்று இவர் சொல்கிறார். தண்ணீரைத்தான் முதலில் பார்த்தேனாம்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "கஜானி என்ற மூன்று வயதுப் பிள்ளை எங்களிடம் நிற்கிறது. தாயின் பெயர் இரத்தினம்மா. இரத்தினம்மா என்பவர் உடனடியாக வரவும்." மூன்று தரம் சொன்னார்கள். அந்தச் சனத்துக்குள் நான் உங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐஸ்பழம் குடித்துக்கொண்டிருந்தாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இதுல தனுஷா எண்டல்லோ கிடக்கு. நீங்க பிள்ளைக்கு ஆரு?"

"நான்தான் தாய்" என்றேன். அக்கா, இவளுக்காக அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம்.

கஜானி ஐஸ்பழத்தை வாயிலிருந்து எடுத்து, "இல்ல, இவங்க சின்னம்மா. அம்மா குவைத்துல" என்றாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைகள் காணாமல் போகிற ஊரில் அவர் செய்தது சரி. இவர் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த பையிலிருந்து பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துவரும்வரை நான் மேசைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். பார்த்த சனம் எனக்குக் கேட்கும்படியாகவே பேசியது. இரண்டு முழம் தூரத்தில் இருக்கும் என் பிள்ளையைத் தொட எனக்கு உத்தரவில்லை. பத்திரம் வந்தது. அவர் வாசித்துவிட்டு, "அப்ப ஏன் தங்கச்சி பிள்ளைக்கு மாத்திச் சொல்லிக் குடுத்திருக்கிறீங்க?" என்று கேட்டார். பட்டத்துக்குப் படிக்கிறவள், தவிட்டுக்கு விற்றேன் என்று சொல்லவா?

அடுத்த நாளே அவளுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. டொக்டர் தடிமன் காய்ச்சல் என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் தராமல் நான் எடுத்துவிட்டேன் என்றுதான் பட்டது. வாங்கியவள் வாயால் சொல்லுமுன் பெற்றவள் உரிமை சொன்னால் பிள்ளை தங்காது என்று சொன்னார்களே. குழந்தை உளவியலில் இந்த வருடம் எனக்கு எழுபத்தெட்டுப் புள்ளி. அந்த மூன்று நாளும் தவிட்டு டின்னை அவளின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது சுகம்.

அக்கா, முன்பள்ளியில் நான் என் பெயரைத்தான் போட்டேன். உங்களிடம் சொல்லப் பயந்தேன்.

அவளை எனக்குத் தந்துவிடுங்கள்.

தனுஷா


குவைத்,
04.09.2009

அன்புள்ள தங்கச்சி தனுஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் எண்டு எழுதுறதா, வணக்கம் எண்டு எழுதுறதா எண்டு தெரியாம ரெண்டையும் எழுதுறன். நான் நஸீறா. நோம்புக் காலம், மேடம் தூக்கம், அந்த நேரத்துல எழுதுறன். இரத்தினம் ராத்தாவுக்குத் தெரியாது.

நாலு வெள்ளிக்கிழமை ஃபோன் வரல்ல எண்டு நீங்க என்ன நெனைப்பீங்களோ. ராத்தாக்கு வருத்தம் காய்ச்சல் ஒண்டும் இல்ல. ஒவ்வொரு வெள்ளியும் என்னோட ஃபோன் கடைக்கு வாறாங்க. கார்ட்டும் வாங்குறாங்க. மறுகா அந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டு நம்பர அமுக்காமத் திரும்புறாங்க. நாலு கார்ட் கையில இரிக்கி. ஏன் ராத்தா எண்டு கேட்டன். "அவள் என்னை என்ன எண்டு கூப்பிடுவாள் எண்டு தெரியாம எப்பிடி நஸீறா கதைக்கிற?" எண்டு செல்றாங்க.

எனக்கும் ஊர்ல மூண்டு புள்ளைகள். உம்மாதான் பார்க்கிறாங்க. உங்க ரெண்டுபேர்ல ஆருக்காக துஆ கேட்கிற எண்டே எனக்குத் தெரியல்ல. ரெண்டுபேருக்கும் கேட்கிறன்.

நஸீறா


குவைத்,
18.09.2009

அன்புள்ள தங்கச்சி,

நான் சுகம் எண்டு எழுதினா நஸீறா சிரிப்பாள். அவள் உனக்கு எழுதினத என்னட்டச் சொல்லிட்டாள். வயித்துல ஒண்டும் வெக்கத் தெரியாதவள். நாளைக்கோ மத்தநாளோ பெருநாளாம். அடுப்புல ரொட்டி போட்டிட்டு எழுதுறன், கடதாசியில மா இருந்தா ஊதிவிட்டு வாசி.

எழுபத்தெட்டுச் சூறாவளியில அம்மா போகக்க உனக்குப் பத்து மாசம். எனக்குப் பன்னெண்டு வயசு. நீ முதல் பேசின சொல் அம்மா. அத என்னைப் பார்த்துத்தான் சொன்னனீ. அப்பாவும் திருத்தல்ல. அஞ்சு வயசுல உன்னை முதலாம் வகுப்புல சேர்க்கக் கூட்டிப் போனன். தாய் ஆரு எண்டு அதிபர் கேட்க நீ என்னைக் கை காட்டினாய். நான் பதினேழு வயசுக் குமரி. அங்க நிண்ட சனம் எல்லாம் கிறுகிப் பார்த்துச் சிரிச்சுது. வாற வழியில, "இனி என்னை அக்கா எண்டு கூப்பிடு" எண்டன். நீ ஏன் எண்டு கேட்டாய். நான் விறுவிறெண்டு நடந்தன்.

உனக்கு ஒரு கிழமைதான் எடுத்தது. மறுகா அம்மா எண்டு கூப்பிட்டதே உனக்கு ஞாபகம் இல்ல. அதால கஜானிக்குப் பயப்படாத. புள்ளைக்கு ஒரு கிழமை. எனக்குத்தான் இன்னும் பின்னால நிண்டு ஆரும் அம்மா எண்டு கூப்பிட்டா தலை கிறுகும்.

மத்தது, நீ ஒரு நாளும் கேட்காதது. கடல் வந்த அண்டைக்குக் காலையில உன்ட மூத்தவள் யதுஷா நாவலடியில என்ட வீட்டதான் நிண்டவள். என்ட கையிலதான் இருந்தவள். தண்ணி ரெண்டாந்தரம் வரக்க கை வழுக்கிட்டு. என்ட அவரும் அவளுக்குப் பின்னால பாய்ஞ்சவர்தான், ரெண்டுபேரும் திரும்பி வரல்ல. ஏன் விட்டாய் எண்டு நீ ஒரு வார்த்தை கேட்கல்ல. அவள்ட பேரையே எனக்கு முன்னால சொல்லாம விட்டாய். அடுத்த புள்ளயப் பெத்து, ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, அதே கையில தந்தாய். ஏன் தந்தனீ எண்டு எனக்கு விளங்கினது. தவிட்டுக்கு வண்டு பிடிச்சிட்டு எண்டு நீ எழுதக்கயும் விளங்கினதுதான். வேப்பிலை போடு எண்டு எழுதினன். கையை விடுறது எண்டா எனக்கு ஒண்டுதான் தெரியும் தனுஷா. அதால விடல்ல.

மாமாங்கத்துல உன்னை மேசைக்கு இந்தப் பக்கம் நிக்க வெச்சது என்ட பேர். அத வாசிச்ச நாள்தொட்டு எனக்குச் சோறு இறங்கல்ல.

நான் வரும்வரைக்கும் பார்க்காத. முன்வாசல்ல நிண்டு இத நான் சொன்னதா நினைச்சு வாய்விட்டு வாசி. 'என்ட தவிடு எனக்கு வந்து சேர்ந்திட்டு. உன்ட புள்ள உனக்கு. நூறு வயசுக்கு இருக்கட்டும்.' மறுகா அந்த டின்னச் சீதேவிப்பிள்ளைட கோழிக்குக் கொட்டு. வண்டு பிடிச்சாலும் கோழி தின்னும்.

அந்தப் படிவத்துல நான் வெச்ச மூண்டு கையொப்பத்தையும் வெட்டிவிடு.

இரத்தினம்


திராய்மடு,
06.10.2009

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே அக்கா என்ற இடத்தில் முதலில் வேறு ஒரு சொல் எழுதி வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் சோறு சாப்பிடுகிறீர்கள் என்று நஸீறா எழுதினால்தான் நம்புவேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே வாசலில் நின்று வாசித்தேன். இவரும் கஜானியும் பக்கத்தில் நின்றார்கள். 'நூறு வயசுக்கு' என்ற இடத்தில் கடிதத்தை இவரிடம் நீட்டினேன், இவர்தான் முடித்தார். தவிட்டைக் கஜானியே கொட்டினாள். பன்னிரண்டு கோழியும் ஓடி வந்தன. பொழுதுபட மாமி வந்து, தன் கோழிகளுக்கு நான் என்ன போட்டேன், ஒன்றும் அடைய வராமல் எங்கள் வாசலிலேயே நிற்கின்றன என்று சண்டை பிடித்தா.

சனிக்கிழமை மிஸ்ஸிடம் படிவத்தை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நன்றாக ஏசினா. பிறகு என் குறிப்புகளை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுதான் பிரிவின் அறிகுறி ஒன்றையும் காணவில்லை" என்று சொன்னா. ஒப்படை செல்லாது. அடுத்த வருடம் வேறொரு பிள்ளையை எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். பட்டம் ஒரு வருடம் பிந்தும். நான் எதில்தான் பிந்தவில்லை? பெயரை நீங்கள் எழுதிய இடத்தை நான் வெட்டவில்லை. படிவத்தைப் பைக்குள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டும் அவளுடையவை.

அவளிடம் சொல்லிவிட்டேன். குவைத்தில் இருப்பது பெரியம்மா, நான் அம்மா என்று. "அப்ப சின்னம்மா எங்க?" என்று கேட்டாள். எங்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கச் சின்னம்மாதான். மூன்றாம் நாள் மாமியின் சிவப்புக் கோழிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தாள். நேற்று "அம்மா சின்னம்மா, தண்ணி தாங்க" என்றாள். ஒரு கிழமை என்று நீங்கள் சொன்னது நான் கெட்டிக்காரி என்பதால்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை அந்த நாலு கார்ட்டையும் கொண்டுபோய் ஃபோன் எடுங்கள். இரண்டு மாதமாகச் சவர்க்காரப் பெட்டியோடுதான் உங்களோடு கதைக்கிறாள். அம்மா என்றோ பெரியம்மா என்றோ கூப்பிடாமல் பெட்டியைக் காதில் வைக்கிறாள். நேரே, "கால் நோகுதா?" என்று தொடங்குகிறாள். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்கும் தெரியாது.

நான் பக்கத்தில் இருப்பேன். தலையிட மாட்டேன்.

நீங்கள் வளர்த்த,
தனுஷா